பன்னிரண்டு அடிச் சட்டம்

சுவரிலிருந்து மரத்தை உடையாமல் கழற்றுவது எப்படி என்று உங்களில் பாதிப் பேர் போனில் வீடியோ பார்த்துவிட்டுத்தான் வேலைக்கே வருகிறீர்கள். தெரியும். என் மகள் எனக்கும் ஒன்று போட்டுக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று ஒரு சுவர். புத்தம்புதிய கையுறை மாட்டிய ஒருவர் மெல்லிசாக ஒரு தகட்டை உள்ளே விட்டு லேசாக நெம்புகிறார். சட்டம் சமர்த்தாக அவர் கையோடு வந்துவிடுகிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராயபுரத்தில் கடல் காற்று தின்று தீர்த்த ஆணி ஒன்றைக்கூட அந்த மனிதர் தன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்.

முட்டி இரண்டும் தேய்ந்து போய் வியாசர்பாடி வீட்டில் நான் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் முப்பத்தைந்து வருடம், பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரைக்கும் இடிக்கப் போகிற வீடுகளுக்குள் புகுந்து கதவு, ஜன்னல், நிலை, சுவரோடு ஓடுகிற சட்டம், படிக்கட்டுக் கைப்பிடி என்று மரத்தையெல்லாம் முழுசாக வெளியே கொண்டு வந்தேன். இப்போது காலையில் இட்லி, பேப்பர், பத்து மணிக்கு ஒரு தூக்கம், சாயங்காலம் ஒரு டீ. யார் மேலும் எனக்குக் குறையில்லை. புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பழைய கூட்டாளிகள் நச்சரித்ததால் எழுதுகிறேன். எந்த உளி, எந்தப் பக்கம் ஆப்பு என்றெல்லாம் இதில் தேடாதீர்கள். நாலு சட்டத்தை உடைத்தால் அது தானாக வந்துவிடும். ஐந்தாவதையும் உடைத்தால் வேறு வேலை பாருங்கள்.

நான் கொஞ்சம் முன்கோபி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் கோபம்தான் நிறைய மரத்தை உடைத்திருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒருநாள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு தண்டையார்பேட்டையில் ஒரு வேலைக்குப் போனேன். கதவைச் சுற்றி அடித்திருந்த அழகான பூவேலைச் சட்டங்கள். ஒன்றை நெம்பினேன், பிளந்தது. இரண்டாவது, பிளந்தது. மூன்றாவதைத் தொடுவதற்குள் எல்லப்பன் வந்து என் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டான். எல்லப்பன் என் வயதுக்காரன்தான். இருபத்தெட்டு வருடம் சட்டத்தின் ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையை அவன் பிடிப்பான். "தபார், உன் பொண்டாட்டி மேல கீற கோவத்த இந்தக் கதவாண்ட காட்டாத. வூட்டுக்குப் போய் சண்டய முட்ச்சிட்டு வா, அப்பால கயட்டலாம்" என்றான். போனேன். வேறு வழியில்லாமல் மன்னிப்புக் கேட்டேன். மத்தியானத்துக்கு மேல் வந்து மீதியை உடையாமல் எடுத்தேன். இன்றைக்கும் என் மனைவி எல்லப்பன் வந்தால் மட்டும் கேட்காமலே டீ போடுகிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கதை இல்லை. நிதானமாக, ஆசை ஆசையாக, ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்து நான் செய்த தப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கோபத்தில் செய்த மற்ற தப்பெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

காதர் பாய் வண்ணாரப்பேட்டையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர். ராயபுரத்தில் ஒரு குறுகலான சந்துக்குள் அவர் அப்பா காலத்து வீடு. மச்சு உளுத்துப்போய், ஒவ்வொரு மழைக்கும் ஒரு கூடை காரை விழுந்துகொண்டிருந்தது. அதை விற்றுவிட்டு மாத்தூரில் மூன்றாவது மாடியில் ஒரு பிளாட் வாங்கினார். வாங்கின கையோடு என்னைத் தேடி வந்தார்.

"மேஸ்திரி, கதவு ஜன்னல எவனாவது எட்துகினு போவட்டும். எனக்கு ஒரே ஒரு கட்ட வேணும். நடையில கீற நீளக் கட்ட. ஒடையாம வேணும்."

நான் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரு நீண்ட நடை. அதன் ஒரு பக்கம் வெறும் சுவர், எதிர்ப்பக்கம் வரிசையாக வாசல்கள். அந்த வெறும் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தேக்குச் சட்டம் ஓடியது. நாற்காலி முதுகு உரசிச் சுவர் பாழாகாமல் இருக்க அந்தக் காலத்தில் இப்படி அடிப்பார்கள். நாலு விரல் அகலம், மேல் விளிம்பு உருண்டை. பன்னிரண்டு அடியும் ஒட்டு இல்லாத ஒரே மரம். ஆனால் அதன் மேல் ஐந்தாறு வர்ணம் பூசியிருந்தார்கள், உடம்பெல்லாம் இடிபட்ட பள்ளம். விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது.

"இத்த எட்துகினு போய் இன்னா பண்ணப் போற பாய்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். ஜுலைகா அக்காவுக்கு அறுபதை ஒட்டிய வயது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பத்து வருடமாக ஒன்றுமே தெரியாது. ஆனாலும் அந்த வீட்டில் ஒரு ஆள் துணையில்லாமல் சமைப்பார், துவைப்பார், தம்பிக்கு டிபன் கட்டிக் கொடுத்து கடைக்கு அனுப்புவார். கையை அந்தச் சட்டத்தின் மேல் வைத்து நடையில் போய் வருவார். பாய்க்கு மனைவி இல்லை, இறந்துவிட்டார். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வீட்டைக் காலி செய்து தண்டையார்பேட்டையில் ஒரு வாடகைப் போர்ஷனுக்குப் போன ஒரு மாதத்தில் அக்கா இரண்டு முறை விழுந்துவிட்டார். மணிக்கட்டில் கட்டு. பயந்துபோன பாய் கடையைப் பாதி நாள்தான் திறக்கிறார். பகல் முழுக்க அக்காவோடு உட்கார ஒரு அம்மாவை ஏற்பாடு செய்யலாம் என்று பேச்செடுத்திருக்கிறார்.

"எனக்குக் காவல்காரி வெக்கிறியாடா, நான் இன்னா திருடியா?ன்னு கேக்குறா மேஸ்திரி. ரெண்டு நாளா என்னாண்ட பேசல" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அந்தக் கட்ட கெட்ச்சா நான் நடந்துக்குவேன்னு சொல்றா. பாத்துக்குனே இருப்பேன், முடியலன்னா அந்தம்மாவத்தான் வெக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

ஆக, அது வெறும் மரம் இல்லை என்பது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

கழற்றப் போன அன்று சந்து முனையில் இடிக்கிற எந்திரம் வந்து நின்றுவிட்டது. சட்டத்தில் முக்கால்வாசியை நானும் எல்லப்பனும் சுவரிலிருந்து விடுவித்துவிட்டோம். கடைசி ஒரு அடி வரவில்லை. பார்த்தால், பின்கட்டு வாசல் நிலைக்குப் பின்னால் அதைச் சொருகியிருந்தார்கள். முதலில் சட்டத்தை அடித்து, அதன் மேல் நிலையை நிறுத்தியிருக்கிறார்கள். நிலையை அசைக்காமல் சட்டம் வராது. நிலையை அசைத்தால் அதன் தலை மேல் உட்கார்ந்திருக்கிற செங்கல் சுவர் நம் தலை மேல் வந்து உட்காரும்.

இடிக்கிற காண்டிராக்டர் உள்ளே வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, ஒரு அடிதான? அறுத்துட்டுப் போயேன். அங்க போய் ஒட்டிக்க. கண்டெய்னர் லாரி லைன் கட்டிச்சின்னா என் வண்டி சந்துக்குள்ள நொழையாது. பேஜாராப் பூடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுப் போட எனக்குத் தெரியும். எத்தனையோ போட்டிருக்கிறேன், சொந்தக்காரரே கண்டுபிடித்ததில்லை. ஆனால் இதைப் பார்க்கப் போவது கண் இல்லையே, கைதானே என்று தோன்றியது. கைக்குத் தெரியாத ஒட்டுப் போட இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை. தினமும் பத்து முறை அந்த அம்மாவின் உள்ளங்கையில் என் ஒட்டு உரசும். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"அறுக்க மாட்டேன். ஒரு மணி நேரம் குடு" என்றேன்.

"ஒரு மணி நேரம்லாம் கெடையாது."

"அப்பன்னா இப்பவே வண்டிய உட்டு இடி. நான் உள்ளதான் நிப்பேன்."

இப்படியெல்லாம் நீங்கள் பேசாதீர்கள். நான் பேசியதே கோபத்தில். ஆனால் அவர் சிரித்துவிட்டு, வெளியே போய்த் தானே லாரிக்காரர்களிடம் பேசி வழியை மறித்து வைத்துக்கொண்டார். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நிலைக்கு மேலிருந்த சுவருக்கு இரண்டு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். நிலையை ஓரமாகத் தட்டித் தட்டி ஒரு விரல் அளவு நகர்த்தினோம். எல்லப்பன் நிலைக்கு அடியில் நின்று சட்டத்தின் முனையைப் பிடித்து உருவினான். முக்கால் அடி வந்துவிட்டது. இன்னும் மூன்றே அங்குலம். அப்போது என் புறங்கழுத்தில் பொடி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் முட்டுக் கட்டை ஒன்று தரையில் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய வீடு, தரைக்கு அடியில் பெருச்சாளி பொந்து போட்டிருக்கிறது. அதை நான் தட்டிப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

எல்லப்பனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "வந்துச்சி, வந்துச்சி, இன்னும் ஒரு இழு" என்கிறான். அவன் இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் மரம் முழுசாக வந்திருக்கும். அவன் முழுசாக வந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது.

"போடு கீழ! போட்டுட்டு ஓடு!" என்று கத்தினேன்.

அவன் கேள்வி கேட்கவில்லை. சட்டத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே பாய்ந்தான். பன்னிரண்டு அடித் தேக்கின் விடுபட்ட முனை தடாலென்று தரையில் விழுந்து, அதில் ஒரு சில்லு பெயர்ந்தது. சுவர் விழவில்லை. ஒரு அங்குலம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. பிறகு முட்டுக்கு அடியில் அகலமான பலகை கொடுத்து, மூன்றாவதாக ஒரு முட்டும் வைத்து, மீதி மூன்று அங்குலத்தை உருவினோம். எனக்கு அடுத்தடுத்து இரண்டு டீ தேவைப்பட்டது. எல்லப்பன் மட்டும் அந்தச் சில்லைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். "மரம் ஒட்ஞ்சா ஒட்டிக்கலாம்டா" என்று சொல்லி அவன் முதுகில் ஒரு போடு போட்டேன். இந்த ஒரு விஷயத்தில் நான் செய்தது சரி என்று எந்தச் சபையிலும் சொல்வேன். கத்த வேண்டிய நேரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

தப்பு அதற்கு அப்புறம் வந்தது.

சட்டத்தை வியாசர்பாடிக்குக் கொண்டு வந்து வீட்டு வாசலில் இரண்டு முக்காலியின் மேல் கிடத்தினேன். மாத்தூர் பிளாட்டில் வர்ண வேலை முடிய ஒரு வாரம் இருந்தது. அந்த அம்மாவின் கை போகப் போகிற இடம், குத்துகிற ஒரு சிலாம்புகூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அடிப்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் பழைய வர்ணத்தையெல்லாம் சுரண்டினேன். மேல் பக்கத்தில் இருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினேழு. மரத்தூளும் பசையும் குழைத்து, பள்ளத்தை அடைப்பதற்கு நாம் வைக்கிற மக்கு இருக்கிறதே, அதை வைத்துப் பதினேழையும் அடைத்தேன். முனையில் பெயர்ந்த சில்லையும் ஒட்டினேன். உப்புத்தாள் போட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூன்று கை பாலிஷ். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வழவழவென்று அப்படி ஒரு சட்டம் என் கையால் அதுவரை வந்ததில்லை.

எல்லப்பன் வந்து பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இத்தப் போட்டு இந்த நோண்டு நோண்டுற? கயட்டின மாரியே எட்துகினு போய் மாட்டிட்டு வா" என்றான். சோம்பேறி என்று அவனைத் திட்டி அனுப்பினேன்.

மாத்தூர் பிளாட்டிலும் ஒரு நடை இருந்தது. ராயபுரத்தைப் போலவே ஒரு பக்கம் வெறும் சுவர், எதிர்ப்பக்கம் வாசல்கள். அதைப் பார்த்துத்தான் பாய் அந்த பிளாட்டையே வாங்கியிருந்தார். அதே இடுப்பு உயரத்தில் சட்டத்தைப் பொருத்தினேன். வீட்டுச் சாமானெல்லாம் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தது. பாய் போய் ஆட்டோவில் அக்காவைக் கூட்டி வந்தார்.

ஜுலைகா அக்கா மெலிந்த உடம்பு, நிமிர்ந்த நடை. மணிக்கட்டில் கட்டு இருந்தது. வாசலில் செருப்பை விட்டு, "எங்க நம்ம கட்ட?" என்று கேட்டு இடது கையை நீட்டினார். பாய் அவர் கையை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்தார். நான் பாராட்டை வாங்கிக்கொள்வதற்காகத் துண்டை ஒழுங்காகத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் நாலு அடி நடந்தார். நின்றார். திரும்பவும் ஆரம்பத்துக்கு வந்து இன்னொரு முறை நடந்தார். முகம் மாறிவிட்டது.

"இது எங்க வூட்டுக் கட்ட இல்ல."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நம் தொழிலில் நல்ல தேக்கை எடுத்துக்கொண்டு வேறு மரத்தைப் பாலிஷ் போட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கும் தெரியும். முப்பது வருடத்தில் என்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. கோபம் சுர்ரென்று தலைக்கு ஏறியது.

"இன்னா பாய் அப்டிப் பாக்குற? அறுக்கச் சொல்லி அவன் கத்துனப்ப அறுக்காம, சாவப் பாத்துட்டு எட்துகினு வந்த கட்ட இது. அக்கா, மேலதான் நான் கை வெச்சேன். அடிப்பக்கம் தொடவே இல்ல. அடியில கைய உட்டுப் பாருங்க, அப்பால பேசுங்க!"

குரலை உயர்த்தித்தான் பேசினேன். அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. சட்டத்தின் அடியில் விரலை மடக்கி விட்டு மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். அங்கே பழைய வர்ணம் திட்டுத் திட்டாக அப்படியே இருந்தது. உறைந்துபோன ஒரு வர்ணச் சொட்டில் விரல் நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நம்ம கட்டதான்டா காதரு. மேஸ்திரி மேல தப்பில்ல." பிறகு என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "ஆனா இன்னா மேஸ்திரி, இத்தோட மூஞ்சியையே மாத்திட்டியே! எங்க பள்ளம்லாம் எங்க?"

"இன்னா பள்ளம்கா?"

"பீரோ இட்ச்ச பள்ளம் ஒண்ணு இருக்கும். அது வந்தா எதுத்தாப்புல பாத்ரூமு. அப்பால இஸ்திரிப் பொட்டி சுட்ட எடம், அங்க திரும்பினா சமையக்கட்டு. சின்னதா ரெண்டு ஆணி ஓட்ட வந்துச்சின்னா என் ரூமு. இப்ப சொம்மா வழுக்கிக்கினு போவுது. நான் எங்க நிக்கிறேன், எங்க திரும்பறதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

பதினேழு பள்ளத்தையும் எண்ணி எண்ணி அடைத்தவன் நான். அந்த அம்மா வழி படித்துக்கொண்டிருந்த எழுத்தையெல்லாம் நானே என் கையால் அழித்துவிட்டு, அதற்குப் பாராட்டு வாங்க நின்றிருக்கிறேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பையைத் திறந்து மெல்லிய உளியை எடுத்தேன். "மக்குதான்கா வெச்சிருக்கேன். ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் நோண்டி எட்துடறேன். எந்தப் பள்ளம் எங்க இருந்திச்சின்னு எனக்கு நெனப்பு கீது" என்றேன். பாயும், "ஆமா, எட்த்துடு மேஸ்திரி, பழைய மாரியே பண்ணிடு" என்றார்.

முதல் பள்ளத்தில் உளியை வைத்துவிட்டேன். அக்கா என் கையைத் தேடிப் பிடித்து நிறுத்தினார்.

"இரு. பீரோ பள்ளம் தொறந்தா, அங்க எதுத்தாப்புல இந்த வூட்ல இன்னா கீது?"

பாய் அந்த இடத்தில் போய் நின்று எதிரே பார்த்தார்.

"பால்கனி" என்றார்.

மூன்றாவது மாடி. பால்கனிச் சுவர் என் இடுப்புக்குக்கூட வராது. பத்து வருடப் பழக்கத்தில் ஒரு நாள் அரைத் தூக்கத்தில் எழுந்து, பீரோ பள்ளம் கையில் பட்டதும் பாத்ரூம் என்று நினைத்து அவர் திரும்பியிருந்தால்? மூன்று பேரும் அதையேதான் நினைத்திருப்போம். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

இதைச் சொன்னால் என் கூட்டாளிகள், நீ மக்கு வைத்து அடைத்ததுதான் நல்லதாகப் போயிற்று என்பார்கள். அப்படி நினைக்காதீர்கள். அது என் சாமர்த்தியம் இல்லை. உடையாமல் கொண்டு வா என்று பாய் சொன்னார், கொண்டு வந்தேன். எதற்கு என்று பாயிடம் கேட்டேன், அவர் சொன்னார், அதை நம்பினேன். பயன்படுத்தப் போகிற ஆள் தண்டையார்பேட்டையில், எனக்கு ஒரு பஸ் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கண் தெரியாதவரிடம் மரத்தைப் பற்றிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன், அதுதான் உண்மை. நீங்கள் கேளுங்கள். வேலை கொடுக்கிறவரிடம் கேட்ட பிறகு, அதைத் தொட்டுப் புழங்கப் போகிறவரிடமும் கேளுங்கள்.

"அந்த வூட்டு அடையாளம்லாம் எனக்கு இங்க வாணாம்" என்றார் அக்கா. "நீ வழவழன்னு பண்ணது அப்டியே இருக்கட்டும். நான் நடக்கறேன். சொல்ற எடத்துல வெட்டு."

அவர் மெதுவாக நடந்தார். பாய் எதிர்ப்பக்கம் ஒவ்வொரு வாசலிலும் நின்று குரல் கொடுத்தார். பாத்ரூமுக்கு நேரே வந்ததும் அக்கா நின்று, சட்டத்தில் விரலை வைத்தார். "இங்க ஒண்ணு."

உளியை வைத்தேன். கை வரவில்லை. வாழ்க்கை முழுக்க மரத்தில் கீறல் விழாமல் எடுத்துப் பழகிய கை. மூன்று கை பாலிஷ் போட்டு ஒரு வாரம் தேய்த்த தேக்கு. அதில் நானே எப்படி வெட்டுவது?

"இன்னா மேஸ்திரி, சத்தமே காணோம்? அழுவுறியா?"

"இல்லக்கா."

"அப்ப போடு."

போட்டேன். பாத்ரூமுக்கு ஒரு வெட்டு. சமையலறைக்கு இரண்டு. அவர் அறைக்கு மூன்று. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, இரண்டாவது வெட்டு ஆழம் போதாது என்று திருப்பிப் போடச் சொன்னார். பால்கனி வாசல் வந்ததும் நின்றார்.

"இங்க வெட்டு வாணாம். மரத்த கொத்திவுடு, முள்ளு மாரி. கை வெச்சா எரியணும்."

அந்த ஓரடி நீளத்தைப் பாலிஷ் போக, சிலாம்பு எழும்பக் கொத்தினேன். அக்கா உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சட்டென்று எடுத்து உதறிக்கொண்டார். "ஆங், இது கரீட்டு" என்றார்.

பிறகு ஒருவர் குரலும் இல்லாமல் தனியாக நடந்து காட்டினார். போனார், வந்தார். இன்னொரு முறை போய், சமையலறைக்குள் நுழைந்து, குழாயைத் திறந்து மூடிவிட்டு வந்தார். நடை வேகமாகிக்கொண்டே வந்தது. நாலாவது முறை வரும்போது நடுவிலேயே நின்று, "மணி இன்னா?" என்று கேட்டார்.

"பதினொண்ணு" என்றார் பாய்.

"அப்ப இங்க இன்னா பண்ற? கடய யார் தொறப்பா?"

"இல்லக்கா, இன்னிக்கி நான் வூட்லயே..."

"நாலு வாரமா பாதி நாள் கட தொறந்து என்னா சம்பாரிச்ச? கெளம்பு. மேஸ்திரியையும் இட்டுகினு போ, அவரு பாவம், வேர்த்துக் கொட்டுது. எனக்குச் சமையல் கீது."

கண் தெரியாதவருக்கு நான் வேர்த்துக் கொட்டுவது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இருவரும் வெளியே வந்தோம். பாய் பூட்டும் சாவியும் கையில் வைத்துக்கொண்டு, எதைச் செய்வது என்று தெரியாமல் கதவு முன்னால் நின்றார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. ஒரே இழுப்பில், தடுமாற்றமே இல்லாமல். காலடிச் சத்தம் கதவிலிருந்து விலகி உள்ளே போனது. பாய் மூச்சை அடக்கிக்கொண்டு கதவில் காதை வைத்தார். நானும் வைத்தேன். பாத்திரம் ஒன்றை எடுத்து அடுப்பின் மேல் வைக்கிற சத்தம்.

"இன்னும் அங்கயேதான் நிக்கிறீங்க ரெண்டு பேரும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மேஸ்திரி, அவன இட்டுகினு போய்யா!"

பாய்க்குப் படி தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். மூன்று மாடியும் அவர் கையை நான் பிடித்துத்தான் இறக்கிக்கொண்டு வந்தேன்.